முதல் நாளே மாப்பிள்ளையையும் உள்ளே கூப்பிட்ட இடம்

கிருஷ்ணகிரியில் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு எந்த இடம் தேவலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் நிறையப் பேர். எல்ஐசி ஏஜெண்டிடம் போய் இதைக் கேட்பார்களா என்றால், கேட்பார்கள். பாலக்கோடு பக்கம் பல வீடுகளில் யாருக்கு என்ன வயது, எவ்வளவு கடன், என்ன மாத்திரை என்பது எனக்குத் தெரியும். பாலிசி படிவத்தில் நாமினி கட்டம் வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்துவதையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் அண்ணன் மகளுக்காக ஒரு வருடத்துக்கும் மேலாக நான் போய்வரும் மையம் இது. அவளும் மாப்பிள்ளையும் ஓசூரில் வேலை பார்க்கிறார்கள். ஊசி போடும் நாட்களில் மட்டும் காவேரிப்பட்டினத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். அண்ணிக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. அதனால் துணைக்கு நான். மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பாராட்டும் இருக்கிறது, திட்டும் இருக்கிறது. பெயர் போட்டுத் திட்டிவிட்டு மறுபடி அங்கேயே போய் டோக்கன் வாங்க முடியாது. எங்களுக்கு இன்னும் அங்கே வேலை பாக்கி. அண்ணன் மகள் இதைப் படித்துப் பார்த்து, ரெண்டு இடத்தில் அடித்துவிட்டு, "சரி அத்தை, போடு" என்றாள்.

பாராட்டிலிருந்து வருகிறேன். முன்பதிவுக்குப் போன் செய்தபோதே, "ரெண்டு பேரும் வரணும்மா, சார் வராம ஃபைல் போட மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் மாற்ற முடியவில்லை என்றதும் வேறு தேதி கொடுத்தார்களே தவிர, அவளை மட்டும் அனுப்புங்கள் என்ற பேச்சே இல்லை. போன அன்றே அவளுக்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். அவருக்கு விந்துப் பரிசோதனை. அதற்கு ரெண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி இருக்கவேண்டும் என்பதையும் போனிலேயே அவரிடம் நேராகச் சொல்லியிருந்தார்கள், என் வழியாகவோ அவள் வழியாகவோ இல்லை.

இதைப் போய் ஏன் முதலில் சொல்கிறாள் என்று சின்ன வயசுக்காரர்களுக்குத் தோன்றும். எனக்குக் கல்யாணம் ஆனது 1993-ல். தொண்ணூறுகளின் நடுவில் சேலத்தில் ஒரு நர்சிங் ஹோமில் வைத்தியம் பார்த்தோம். கருப்பையைச் சுரண்டும் டி அண்ட் சி செய்தார்கள். சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப்பி பார்த்தார்கள். எல்லாம் எனக்கு. குழாயில் அடைப்பு இல்லை, நீர்க்கட்டி இல்லை என்று தெரிந்த பிறகும் மாத்திரை எனக்குத்தான். என் வீட்டுக்காரர் வெளியே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கடைசியில் புதிதாக வந்த ஒரு டாக்டரம்மா ஃபைலைப் புரட்டி, "இவர் ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார். அப்படி ஒரு தாளே அதில் இல்லை. எடுத்துப் பார்த்தால் எண்ணிக்கை குறைவு அவருக்கு. அதற்குள் ஊர் எனக்குப் பெயர் வைத்து முடித்திருந்தது. அரசமரம், தீர்த்தமலை, தொட்டில் கட்டுவது என்று என் மாமியாரும் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அழுது முடித்த விஷயம், அதை விடுங்கள்.

அன்று மாதிரி எடுக்க என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த இடம் லேப் பக்கத்துக் குளியலறை. தாழ்ப்பாள் பிடிக்காது, கதவை ஒரு கையால் இழுத்துப் பிடிக்கவேண்டும். வெளியே கம்பவுண்டர், "என்ன சார், ஆச்சா?" என்று குரல் கொடுப்பார். இங்கே தனி அறை, உள்ளே பூட்டு, கை கழுவத் தொட்டி. டப்பாவின் மேல் இருவர் பெயரும் ஒட்டியிருக்கிறது. சுவரில் ஒரு சின்னக் கதவு. அதற்குள் டப்பாவை வைத்து மணியை அழுத்தினால் அந்தப் பக்கம் லேப்காரர் எடுத்துக்கொள்வார். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். மாப்பிள்ளை வெளியே வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் அந்தக் காலத்தில் எத்தனை ஆண்கள் ஊரை விட்டு ஓடாத குறை.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் திரையை இருவர் பக்கமும் திருப்பினார். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் போட்ட கையேட்டின்படி ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது கீழ்வரம்பு. இவருக்கு 40 லட்சம் சொச்சம். அவளுக்கு முட்டை இருப்பு வயதுக்குச் சரியாக இருந்தது. "இக்ஸி பண்ணலாம், ரெண்டு பேர் பிரச்சினையா இதைப் பாருங்க" என்றார்.

இந்த இக்ஸி இல்லாவிட்டால் மாப்பிள்ளைக்கு இங்கே வேலையே இல்லை. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தபோது அந்த வைத்தியம், அதாவது ஐவிஎஃப், கருக்குழாய் அடைத்த பெண்களுக்கானது. லூயிஸின் அம்மாவுக்கும் அதுதான் பிரச்சினை. முட்டையை வெளியே எடுத்து, தட்டில் விந்தணுக்களோடு சேர்த்து வைத்தால் மீதியை அவை பார்த்துக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. விந்தணுவே குறைந்தவருக்கு அந்தக் கணக்கு உதவாது. ஒரே ஒரு விந்தணுவை நுண்ணிய ஊசியில் எடுத்து முட்டைக்குள்ளேயே செலுத்தும் இந்த இக்ஸி முறையில் பெல்ஜியத்தின் பிரசெல்ஸில் குழந்தைகள் பிறந்த செய்தி வந்தது 1992-ல். அன்றிலிருந்துதான் ஆணும் முழு நோயாளி ஆனான். அதாவது, என் வீட்டுக்காரரின் ரிப்போர்ட் கையில் கிடைத்தபோது அந்த வழி உலகத்தில் இருந்தது. சேலத்தில் எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

வரவேற்புக்கூடச் சுவரில் ஒரு வரலாற்றுப் படவரிசை மாட்டியிருக்கிறார்கள். லூயிஸ் பிரவுன், ஐவிஎஃப் முறையை உருவாக்கியதற்காக 2010-ல் நோபல் வாங்கிய ராபர்ட் எட்வர்ட்ஸ், பிறகு மும்பை கேஇஎம் மருத்துவமனையில் 1986-ல் பிறந்து, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று பெயர் வாங்கிய ஹர்ஷா. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கொல்கத்தா டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் அதில் இல்லை. லூயிஸ் பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1978 அக்டோபர் 3-ல் அவர் கையால் துர்கா என்ற குழந்தை பிறந்துவிட்டது, அதுவும் உறைய வைத்த கருவிலிருந்து. மேற்கு வங்க அரசு போட்ட குழு நம்பவில்லை. வெளிநாட்டுக் கூட்டத்துக்குப் போய்ச் சொல்லவும் விடவில்லை. 1981-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். ஹர்ஷா பிறக்கக் காரணமாயிருந்த விஞ்ஞானி ஆனந்த் குமாரே பின்னாளில் அவருடைய குறிப்புகளைப் படித்துவிட்டு, முதலாவது நான் இல்லை, அவர்தான் என்று 1997-ல் எழுதினார். கையில் இருந்த பட்டத்தைத் தானே இறக்கிவைக்கும் மனுஷர்கள் எத்தனை பேர்? வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். "மேனேஜர்கிட்ட சொல்றேன்மா" என்றது அந்தப் பெண். சுவர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கூடத்தில் உட்கார்ந்தால் நேரம் நகரவே நகராது, காத்திருப்பு அவ்வளவு நீளம். ஒன்பதரைக்கு டோக்கன் வாங்கினால் டாக்டரைப் பார்க்கும்போது பன்னிரண்டு தாண்டும். எங்கள் காலத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். சொந்தக்காரர் யாராவது வந்தால், "தலைவலிக்கு வந்தேன்" என்போம். இங்கே இருபத்தாறு வயதுப் பெண் அடுத்த நாற்காலிக்காரியிடம் சர்வசாதாரணமாக, "உங்க ஏஎம்ஹெச் எவ்வளவு?" என்று முட்டை இருப்பைக் காட்டும் எண்ணைக் கேட்கிறாள், பிளஸ் டூ மார்க் கேட்கிற மாதிரி. ஓசூர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிப் பெண்கள், நீர்க்கட்டி இருப்பவர்கள், ரெண்டாம் கல்யாணக்காரர்கள், ஐடி வேலையை வீட்டிலிருந்து பார்க்கும் தம்பதிகள். ஒருநாள் மீசைகூட சரியாக முளைக்காத ஒரு பையனோடு அவன் அப்பா வந்திருந்தார். புற்றுநோய்க்கு கீமோ ஆரம்பிக்கும் முன்னால் விந்தணுவை உறைய வைக்க அனுப்பியிருக்கிறார்கள். அப்பா படிவத்தை என்னிடம் நீட்டி, "இதுல எங்க கையெழுத்துங்க?" என்று கேட்டார். காட்டினேன்.

மாமியார்கள் மட்டும் அவ்வளவாக மாறவில்லை. ஆலோசகர் அறையில் கதவு திறந்திருந்தபோது காதில் விழுந்தது: "வைக்கிறதே நீங்கதான, பையனா பாத்து வச்சா என்ன?" ஆலோசகர் கோபப்படாமல், மேசை மேலிருந்த பலகையைத் தட்டிக்காட்டி, "அம்மா, அதைச் சொன்னா எங்களுக்கு ஜெயிலு, கேட்டா உங்களுக்கும்" என்றார். இந்த மாவட்டங்களில் அந்தப் பதில் தெளிவாக இருக்கவேண்டும். பெண் சிசுக்கொலையால் பெயர் கெட்ட பகுதி இது. 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தருமபுரிக்கும் நீட்டவேண்டி வந்த ஊர். ஆலோசகருக்கு அதற்கே ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டேன்.

இனி முட்டை வளரப் போடும் ஊசி விஷயம். எங்களுக்கு அது பொடியாக வரும். ஒரு கண்ணாடிக் குப்பியில் பொடி, இன்னொன்றில் தண்ணீர். கழுத்தை ஒடித்துக் கலந்து இடுப்பில் போடுவார் கம்பவுண்டர். தினமும் அவர் வீட்டுக்கு நடந்து போகவேண்டும், ஆகவே தெருவுக்கே தெரியும். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து அந்த மருந்தைப் பிரித்தெடுத்தார்கள், ஆரம்பத்தில் இத்தாலியில் கன்னியாஸ்திரிகளிடமிருந்து சேகரித்தார்கள் என்பதெல்லாம் ரொம்பப் பின்னால் படித்தேன். என் மாமியாருக்கு அன்றே தெரிந்திருந்தால் குப்பி வாசல் தாண்டியிருக்காது. இப்போது வருவது ஆய்வுக்கூடத்தில் செல்களில் உண்டாக்கி எடுக்கும் மருந்து, பேனாவில் அடைத்துக் கொடுக்கிறார்கள். அடியைத் திருகினால் எண் நகரும். 225-ல் நிறுத்தி, தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைக் கிள்ளிப் பிடித்து, குத்தி, பத்து வரை எண்ணி, எடுக்கவேண்டும். அண்ணன் மகள் டிவி பார்த்துக்கொண்டே போட்டுக்கொள்வாள். அண்ணிதான் சமையலறைக்குள் ஓடிவிடுவாள். நர்ஸ் ஒருவர் வீடியோ காலில் முதல் ரெண்டு நாளும் கூடவே இருந்தார். முட்டை எடுப்பதற்கு 36 மணி நேரம் முன்னால் போடும் கடைசி ஊசியை ராத்திரி பத்தரைக்குச் சரியாகப் போட்டாயிற்றா என்று கேட்டும் அழைத்தார். நேரம் தப்பினால் அத்தனை நாள் ஊசியும் வீண் என்பதால் இந்த அழைப்புக்கு முழு மதிப்பெண்.

கரு வைக்கும் நாளில் அவள் பெயர், மாப்பிள்ளை பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் வெவ்வேறு ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கையில் பட்டை, அதை லேப் ஜன்னலில் இன்னொருவர் சரிபார்த்தார். மாப்பிள்ளைக்கு எரிச்சல். எனக்கு நிம்மதி. லூயிஸ் பிரவுனை எட்டு செல் கருவாக இருக்கும்போதே வைத்துவிட்டார்களாம். இங்கே ஐந்து நாள் வளர்த்து, நின்றதைத்தான் வைக்கிறார்கள். மீதியை மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனில் உறைய வைத்திருக்கிறார்கள். சட்டப்படி அதிகபட்சம் பத்து வருடம்.

இனி திட்டு. பேக்கேஜ் தாளில், "மருந்து உட்பட" என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே பொடி எழுத்தில் மருந்து இந்த அளவு வரைதான், உறைய வைப்பது தனி, வருட வாடகை தனி. பொடி எழுத்து என் தொழில், அதனால் முதல் நாளே பிடித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பர்கூர் தம்பதி பிடிக்கவில்லை. பாதியில் நகையை அடகு வைக்க ஓடினார்கள். கவுண்டருக்கு ஒட்டினாற்போலவே தவணைக் கடன் கம்பெனியின் மேசையும் போட்டிருக்கிறார்கள், அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மாங்காய் சீசன் முடிந்து குத்தகைப் பணம் வந்ததும் கூட்டம் கூடும் என்று வரவேற்பில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று யாரும் தைரியமாகப் போகவேண்டாம். மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் விலக்குப் பட்டியலை எடுங்கள், 17-ம் எண்ணில் மலட்டுத்தன்மைச் சிகிச்சை என்று அச்சாகியிருக்கும். சில புதுப் பாலிசிகளில் கூடுதல் பிரீமியத்துக்கு, காத்திருப்புக் காலத்தோடு கொடுக்கிறார்கள். கல்யாணமான கையோடு போட்டால்தான் அது உதவும். கையில் பணமே இல்லாதவர்கள் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் இப்போது இருக்கும் கருத்தரிப்பு மையத்தை ஒருமுறை விசாரிப்பது நல்லது.

"கருப்பை ஏற்குமா என்று பார்க்கும் டெஸ்ட்", அது இது என்று கூடுதல் சாமான்களையும் நடுவில் நீட்டினார்கள். பிரிட்டனில் இந்தச் சிகிச்சைகளைக் கண்காணிக்கும் ஆணையம் இப்படிப்பட்ட ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று நிறக்குறி போட்டு இணையத்தில் வைத்திருக்கிறது. மாப்பிள்ளை போனிலேயே தேடி டாக்டரிடம் காட்டினார். டாக்டர், "சரி, வேண்டாம்" என்றார், அவ்வளவு சுலபமாக. அப்புறம் எதற்கு எழுதினார் என்று கேட்க நான் வாயெடுத்தேன். அண்ணன் மகள் காலை மிதித்தாள்.

ஆனால் இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. பொறுக்க முடியாதது ஒன்று. முதல் தடவை வைத்த கரு நிற்கவில்லை. கர்ப்பமா இல்லையா என்று காட்டும் அந்த பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை முடிவு அவளுக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வந்தது, கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது. அதற்குக் கீழேயே அடுத்த சுழற்சிக்குத் தள்ளுபடி என்று ஒரு செய்தி, பூங்கொத்துப் படத்தோடு. ஆலோசகரைக் கூப்பிட்டால் அவர் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவாராம், அன்று புதன். நான் நேரில் போய்ச் சத்தம் போட்டேன். அந்தத் தள்ளுபடிச் செய்தி கணினியில் தானாகப் போவது என்றார்கள். தானாகப் போவதை நிறுத்தத்தானே ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்றேன். மறுநாள் டாக்டரே அவளை அழைத்து அரைமணி நேரம் பேசினார். நூற்றுக்கு முப்பது நாற்பது பேருக்குத்தான் ஒரு முறையில் நிற்கும் என்பதை மறுபடி விளக்கினார். அவள் பக்கம் என்ன நன்றாக இருந்தது, என்ன தெரியவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். சேலத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில், "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பது மட்டும்தான். அதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் அந்த பஸ் பயணத்தை அவள் இன்னும் சொல்கிறாள்.

இந்தச் சிகிச்சைகளுக்கென்று 2021-ல் வந்த சட்டத்தைப் பற்றியும் ரெண்டு வரி, ஏனென்றால் அதைத் தெரியாமல் தூரத்திலிருந்து வந்து திரும்புகிறார்கள். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயதுதான். பென்னாகரம் பக்கமிருந்து வந்த ஒருவருக்கு 57. ஆதாரைப் பார்த்ததும் முடியாது என்றுவிட்டார்கள். அந்தம்மாவுக்கு 44தான். பாவமாக இருந்தது. முட்டை கொடுக்கும் பெண்ணுக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது, அவளுக்குப் பன்னிரண்டு மாதம் காப்பீடு எடுத்துக்கொடுக்கவேண்டும். 2022-ல் ஈரோட்டில் பதினாறு வயதுப் பெண்ணிடம் முட்டை எடுத்த வழக்கு வெளியே வந்த பிறகு, இதில் யார் கண்டிப்பாக இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் நான் ஒரு இடத்தை நம்புவேன். இங்கே கண்டிப்பு இருக்கிறது.

போகிறவர்கள் வரவேற்பில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். லெவல் 2 என்று இருந்தால்தான் ஐவிஎஃப் செய்யலாம். லெவல் 1 என்றால் விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ-யோடு சரி. போர்டில் எவ்வளவு பெரிய குழந்தை சிரித்தாலும் சான்றிதழில் இருப்பதுதான் கணக்கு. செவ்வாய் அல்லது வெள்ளி போனால் ஆலோசகரையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். திங்கள் வேண்டாம், கூட்டம் தாங்காது. கழிப்பறை சுத்தம். லிஃப்ட் அடிக்கடி படுத்துவிடும். உள்ளே விற்கும் காபியைத் தவிர்த்துவிட்டு எதிர்ச்சாரியில் இருக்கும் மெஸ்ஸுக்குப் போங்கள், பத்தரை வரை பொங்கல் கிடைக்கும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்த வாட்ஸ்அப் இல்லாவிட்டால் நான்கு. உறைய வைத்த கருவுக்குத் தை பிறந்ததும் இங்கேயேதான் போகிறோம். கல்யாணச் சான்றிதழும் ஆதாரும் அசல் கேட்பார்கள், புருஷனுடையதும் சேர்த்து. ஜெராக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ராயக்கோட்டைக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் திரும்பி அலையாதீர்கள்.